வீட்டில் ஆள் இல்லை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. டெக்ஸாஸில் இருக்கிற ஒரு வீட்டின் ஏசியைப் போடச் சொல்லிக் கலிபோர்னியாவுக்கு ஃபோன் மேல் ஃபோன் அடித்தோம். எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவர் அங்கே ஒரு மேடையில் நின்று சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக் என்று ஓர் ஊர். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று அங்கே இருப்பதால் நம் ஆட்கள் ஏராளம். ஓர் இந்திய மளிகைக் கடையில் வேலை இருக்கிறது என்றார்கள். பஸ் பிடித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் கடையையே மூடிவிட்டார்கள். எனக்கு இது புதிதில்லை... இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கும் புதிதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரகுவுக்கு ஃபோன் செய்தேன்.

ரகு திருச்சிக்காரன். நியூ ஜெர்ஸியில், பிளெய்ன்ஸ்பரோவில், ஐந்து பிரம்மச்சாரிகள் ஒரே அபார்ட்மெண்டில் அடைந்து கிடந்த காலத்தில் அவர்களுக்கு நான் சமைத்துப் போட்டிருக்கிறேன். பதிலுக்கு ஹாலில் படுக்க ஒரு மூலை. அந்த ஐந்தில் ஒருவன். இப்போது அவனுக்கு மனைவி, மகள், மாடி வீடு, பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடுகிற கார் எல்லாம் இருக்கிறது. "பாய், நேரா நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. எவ்ளோ நாள் வேணா இருங்க" என்றான்.

நல்ல மனசு. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இனிமேல் அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கப் போவதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் அனல். வெளியே நூறைத் தாண்டிய வெயில், உள்ளே அதற்குத் தம்பி. வழக்கமாக இங்கே எல்லா வீட்டிலும் ஹால் சுவரில் ஏசிக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பட்டனை அழுத்தினால் சூடு இறங்கும். ரகு வீட்டில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தகடுதான் இருந்தது.

"தேடாதீங்க பாய். சுவிட்சே கிடையாது" என்றான் பெருமையாக. "எல்லாம் ஆட்டோமேட்டிக்."

மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரி. அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடுகிறது. அதிலிருந்து ஒயர்கள் கிளம்பி ஏசிக்குப் போகின்றன. ஒவ்வொரு அறையிலும் சூடு பார்க்கிற சென்சார். புரோகிராம் ரகுவே எழுதியது. ஆபீஸில் உட்கார்ந்தபடி வீட்டின் எந்த அறை எத்தனை டிகிரி என்று பார்ப்பான். வீட்டில் ஆள் இல்லாதபோது எண்பத்து நாலு டிகிரி. நம் ஊர்க் கணக்கில் இருபத்தொன்பது. ஆள் வந்தால் தானாக இறங்கும்.

"கோடு மொத்தமும் நெட்ல ஃப்ரீயா போட்டிருக்கேன். பிரேசில்ல யூஸ் பண்றான், ஜெர்மனில யூஸ் பண்றான். யார் வேணா எடுக்கலாம், யார் வேணா மாத்தலாம். அதான் பாய் ஓப்பன் சோர்ஸ். அதான் ஃப்ரீடம்."

"சரிப்பா. இப்ப இந்த வீட்ல கொஞ்சம் சூட்டைக் குறைக்கணும்னா?"

"பாஸ்வேர்ட் என்கிட்டதான் இருக்கு. சொல்லுங்க, குறைக்கறேன்."

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வியர்வைதான் வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இலவச மென்பொருள் மீது எனக்கு ஒரு பகையும் இல்லை. இந்தப் பத்தியை நான் தட்டுகிற தமிழ் எழுத்தும் கீபோர்டும் முகம் தெரியாத யாரோ சிலர் சோறு தூக்கம் மறந்து செய்து சும்மா கொடுத்தவை. நூலகத்தில் ஓசிக் கம்ப்யூட்டர், ஓசி எழுத்துரு — பத்தாவதைத் தாண்டாத நான் வாரா வாரம் உங்களோடு பேசுவது அவர்கள் தயவில். அவர்கள் யாரும் என்னிடம் பிரசங்கம் செய்ததில்லை.

பிரசங்கம் செய்கிறவர்கள் வேறு ஜாதி. சான் ஹோசேயில் கொஞ்ச நாள் இருந்தபோது நிறையப் பார்த்தேன். பகலெல்லாம் சாஃப்ட்வேருக்குப் பூட்டுப் போட்டு விற்கிற கம்பெனியில் சம்பளம். சாயங்காலம் ஆனால், உலகத்தில் பூட்டே இருக்கக் கூடாது என்று பேச்சு. ஒரு பிறந்தநாள் விருந்தில், காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரில் மகனின் வீட்டுப்பாடத்தைச் செய்துகொடுத்த ஒரு பாவப்பட்ட தகப்பனை நாலு பேர் சுற்றி நின்று விசாரித்தார்கள். மனுஷன் மாட்டுக்கறி தின்று மாட்டிக்கொண்டவர் போல முழித்தார்.

மின்சாரம் மிச்சம் பிடிக்கிற கூட்டமும் இப்படித்தான். மிச்சம் பிடிப்பது எனக்குத் தெரியாதா? நியூ ஜெர்ஸியில் ஒரு குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடாத அறையில் இரண்டு பேண்ட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தூங்கியவன். அப்போது யாரும் என்னைப் பூமியின் காவலன் என்று கூப்பிடவில்லை. கார் இல்லாதவன் நடந்தால் பஞ்சப் பரதேசி. கார் வைத்திருப்பவன் நடந்தால் சுற்றுச்சூழல் ஆர்வலன். இதுதானே கணக்கு?

ரகு வீட்டு மின்சாரம் முழுக்கக் காற்றாலை மின்சாரமாம். கூடுதல் விலை கொடுத்து அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறான். சந்தோஷம். அவன் மனைவி மாலதி ஒருநாள் கொல்லைப்புறத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டாளாம். டெக்ஸாஸ் வெயில், அரை மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். காலனிச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. வெளியே துணி தொங்கினால் தெருவின் அந்தஸ்து குறைகிறதாம். சரி, ரகு சண்டைக்குப் போனானா? கொடியை அவிழ்த்தான். "டிரையர்ல போடு மாலு. அது காத்தாலை கரண்ட்லதானே ஓடுது" என்றான்.

தலைக்கு மேலே சூரியன் சும்மா காய்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே டிரையர் உருள்கிறது. ஏசி இல்லை. இதற்குப் பெயர் பசுமை வாழ்க்கை.

இப்போது மாலதிக்கு வருகிறேன். எம்.சி.ஏ. படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறேழு பேரைக் கட்டி மேய்த்தவள். கல்யாணமாகி இங்கே வந்தாள். புருஷனோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற விசாவில் வேலை செய்யக் கூடாது. கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்கில் நின்று, போன வருஷம்தான் அவளுக்கு வேலை செய்யும் அனுமதி அட்டை வந்தது. அதற்குள் அவள் படித்ததெல்லாம் பழசாகிவிட்டது. எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. வீட்டிலேயே டேகேர் நடத்துவது என்று முடிவு செய்தாள்.

"டேகேரா? உன் குவாலிஃபிகேஷனுக்கா?" என்று ரகு முகம் சுளித்தானாம்.

"என் குவாலிஃபிகேஷன் இத்தனை வருஷமா தோசைதான் சுட்டுது" என்றாளாம் அவள்.

முதலுதவிப் பயிற்சி முடித்தாள். கீழ் ஹாலில் கலர் பாய் விரித்தாள், மாடிப்படிக்குக் குட்டிக் கதவு போட்டாள். மூன்று குடும்பங்கள் அடுத்த மாதத்திலிருந்து குழந்தையை விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தன. பாக்கி ஒன்றுதான் — அரசாங்கத்து ஆய்வாளர் வந்து வீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை மதியம் வருவதாகத் தகவல்.

புதன்கிழமை ரகு பெட்டியோடு நின்றான். கலிபோர்னியாவில், பே ஏரியா பக்கம், ஒரு மாநாடு. அவனுடைய புரோகிராமைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள்.

"என்னங்க, நாளைக்கு அந்த அம்மா வராங்க. ஏசிய எழுபத்தாறுல வச்சுட்டுப் போங்க."

"ஷெட்யூல்ல போட்டாச்சு மாலு. நாளைக்குக் காலைல அதுவா இறங்கிடும். ரிலாக்ஸ்."

வியாழக்கிழமை காலை. இறங்கவில்லை. ஏறியது! பத்து மணிக்கு ஹாலில் வெண்ணெய் உருகியது. அவர்கள் மகள் தியா, அஞ்சு வயசு, தரையில் மல்லாந்து படுத்து, "அம்மா, ஐ ஆம் மெல்ட்டிங்" என்றாள். மாலதி ஜன்னலைத் திறந்தாள். வெளிக்காற்று உள்ளே வந்து இன்னும் மோசமாக்கியது. அலமாரிக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்றேன்.

"பிடுங்கினா ஏசி மொத்தமா நின்னுடும்ணா. அப்புறம் இதுவும் போயிடும்."

ஃபோன் அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தோம். மேடையில் இருப்பவன் ஃபோனை அணைத்துத்தானே வைப்பான்?

ஆய்வாளர் வந்தாள். பருமனான, சிரித்த முகத்து டெக்ஸாஸ் அம்மாள். குட்டிக் கதவை ஆட்டிப் பார்த்தாள், மருந்துப் பெட்டியைப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். தொண்ணூறு.

"ஏசி ரிப்பேரா, ஹனி?"

"இல்லை. நன்றாக ஓடும்."

"பின்னே? கூட்டி வையேன். சுவிட்ச் எங்கே?"

"சுவிட்ச் இல்லை... கம்ப்யூட்டரில் இருக்கிறது."

"கம்ப்யூட்டரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"என் கணவர்."

"எங்கே அவர்?"

"கலிபோர்னியாவில்."

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஹனி, நீ எல்லாம் அழகாகச் செய்திருக்கிறாய். ஆனால் கைக்குழந்தைகள் இருக்கிற வீட்டைக் குளிர வைக்க ஒரு ஆள் கலிபோர்னியாவிலிருந்து வர வேண்டும் என்றால், நான் கையெழுத்துப் போட முடியாது. சரி செய். அடுத்த வாரம் திரும்ப வருகிறேன். அப்போதும் இப்படியே இருந்தால், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான்."

அவள் போன கொஞ்ச நேரத்தில், குழந்தையை விடுவதாகச் சொன்ன தாய் ஒருத்தி ஃபோன் செய்தாள். "மாலதி, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுதா? லைசென்ஸ் வரலைன்னா சொல்லிடுங்க ப்ளீஸ். வேற எடத்துல ஸ்பாட் கேட்டு வைக்கணும். நான் ஜாய்ன் பண்ற டேட்ட மாத்த முடியாது."

"ஒரு வாரம் டைம் குடுங்க" என்று வைத்தாள் மாலதி. சோஃபாவில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்து நான் தியாவை அழைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அழவில்லை. படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த புரோகிராமைத்தான். உலகத்துக்கே திறந்து போட்டிருக்கிறானே! பிரேசில்காரன் படிக்கலாம் என்றால் மாலதியும் படிக்கலாம்தானே?

"அண்ணா, வீட்ல ஆள் இருக்கான்னு இது எப்படிப் பாக்குது தெரியுமா?"

"எப்படி?"

"அவரோட செல்ஃபோன் வீட்டுக்குள்ள இருக்கான்னு பாக்குது. இருந்தா ஆள் இருக்கு. இல்லன்னா வீடு காலி. ராத்திரியும் வரலைன்னா ஊருக்குப் போயாச்சுன்னு அர்த்தம், தொண்ணூறு வரைக்கும் விட்டுடும். வீடு காலியா இருந்தா ஷெட்யூலும் வேலை செய்யாது."

"அப்ப நீயும் தியாவும்?"

"நாங்க ஃபர்னிச்சர்ணா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவன் வேண்டுமென்றே செய்தானா? இல்லை. அதுதான் விஷயமே. 'வீட்டில் ஆள்' என்று எழுத உட்கார்ந்தபோது அவன் மனதில் தோன்றிய ஒரே ஆள் அவன்தான். வேறொரு ஆள் அந்த வீட்டில் பகலெல்லாம் இருக்கிறாள் என்பது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

சாயங்காலம் ரகுவே கூப்பிட்டான். மாலதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாலு! டாக் சூப்பர் ஹிட்! எழுந்து நின்னு கைதட்டினாங்க!"

"இன்ஸ்பெக்டர் ஃபெயில் பண்ணிட்டாங்க."

"யாரை?"

"என்னை."

விவரம் சொன்னாள். "ஓ... வெகேஷன் மோட். சரி, ஃபேன் போட்டுக்கோ. சனிக்கிழமை வந்து பாக்கறேன்."

"பாஸ்வேர்ட் சொல்லுங்க. நானே பாக்கறேன். எந்த எடம்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"ஐயோ, கைய வச்சிடாத! டெஸ்ட் பண்ணாம மாத்தினா மொத்தமும் உக்காந்துடும். நீ டச் விட்டு எத்தனை வருஷம் ஆச்சு? ஓப்பன் சோர்ஸ்ல எல்லாத்துக்கும் ஒரு ப்ராசஸ் இருக்கு மாலு. பக் இருக்குன்னா மெயிலிங் லிஸ்ட்ல எழுதணும். எல்லாரும் டிஸ்கஸ் பண்ணுவாங்க. சும்மா பொண்டாட்டின்னு பாஸ்வேர்ட் குடுக்க முடியுமா?"

விளையாட்டாகச் சொன்னதாக அவன் பிறகு சொன்னான். மாலதி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதினாள். அந்த புரோகிராமைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் போய்ச் சேருகிற அந்தப் பட்டியலுக்கு, சொந்தப் பெயரில். என்ன எழுதினாள் என்று எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். வசவு இல்லை, புலம்பல் இல்லை. 'நான் இந்த மென்பொருளின் ஆசிரியருடைய வீட்டில் வசிக்கிறேன். இந்த மென்பொருளின்படி நான் அங்கே வசிக்கவில்லை' என்று ஆரம்பித்து, நடந்ததைச் சொல்லி, திருத்தத்தையும் எழுதிக் கூடவே இணைத்திருந்தாள். அலமாரிக் கம்ப்யூட்டரில் எல்லோரும் அழுத்தக்கூடிய ஒரு பட்டன். அதை அழுத்தினால் யார் ஃபோன் எங்கே இருந்தாலும் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பதில்கள். ஜெர்மனிக்காரன் ஒருவன், 'என் மனைவி இரண்டு குளிர்காலமாக இதையேதான் கேட்கிறாள், நான் அவளுக்குக் குளிர் தாங்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதினான். பிரேசிலிலிருந்து ஒருவன், திருத்தத்தைத் தன் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டதாகவும், அவன் அம்மா மாலதிக்கு நன்றி சொல்லச் சொன்னதாகவும். இன்னொருவன் ஒரே வரி: 'ஆசிரியர் வீட்டுக்குத் திரும்பிவிட்டாரா? திரும்பினால் வீட்டில் ஆள் இருக்குமா?'

சனிக்கிழமை ரகு வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊரெல்லாம் என் மானத்த வாங்கிட்டியே!"

"நீங்கதானே லிஸ்ட்ல எழுதுன்னீங்க?"

"அதுக்குன்னு நம்ம வீட்டு விஷயத்த எழுதுவியா?"

"நம்ம வீட்ட வச்சுதானே ஸ்டேஜ்ல டெமோ காட்டினீங்க? ரூம் ரூமா எத்தனை டிகிரின்னு?"

ரகு என்னைப் பார்த்தான். "பாய், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் என்னப்பா சொல்றது? என் ஃபோனும் உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நானும் இந்த வீட்ல இல்லாத ஆள்தான்" என்றேன்.

அதன் பிறகு ஒரு நாள் முழுக்க நடந்ததைக் கேளுங்கள். புருஷன் மாடியில், பெண்டாட்டி கீழே. பேச்சு கிடையாது. பட்டியலில் மட்டும் கடிதம்! அவன் மேலிருந்து, 'திருத்தம் எழுதிய நடை நம் வழக்கப்படி இல்லை' என்பான். அவள் கீழிருந்து நடையைச் சரி செய்து அனுப்புவாள். 'பட்டனைக் குழந்தை அழுத்திவிட்டால்?' என்பான். 'குழந்தைக்கும் சுடும்' என்பாள். ஜெர்மனிக்காரன் நடுவில் புகுந்து, 'போதும், ஏற்றுக்கொள்ளுங்கள், எங்கள் வீடுகளில் பிரச்சினை ஆகிறது' என்றான்.

ஞாயிறு மாலை ரகு ஏற்றுக்கொண்டான். வேறு வழி? ஏற்காவிட்டால் மற்றவர்கள் அந்த புரோகிராமை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவார்கள். யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எழுதி வைத்தது அவன்தானே? பெண்டாட்டி சொன்னால் கேட்கத் தேவையில்லை. பிரேசில் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஆண்களின் ஜனநாயகம் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

அடுத்த வாரம் அந்த டெக்ஸாஸ் அம்மாள் மறுபடி வந்தாள். வரும்போதே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். தேவைப்படவில்லை. மாலதி அலமாரியைத் திறந்து பட்டனைக் காட்டினாள். அந்த அம்மாள் தானே ஒரு முறை அழுத்திப் பார்த்தாள், ஏசி உறுமியதைக் கேட்டாள், கையெழுத்துப் போட்டாள். போகும்போது, "உன் கணவர் எங்கே?" என்றாள்.

"ஆபீஸில்."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து மூன்று குழந்தைகள் வருகின்றன. ஸ்பாட் கேட்ட அந்தத் தாயின் குழந்தைதான் முதலில் வருகிறது, முதலில் அழுகிறது. நான் மூட்டை கட்டிவிட்டேன். டல்லாஸ் பக்கம் ஒரு மோட்டலில் ஆள் தேவையாம். நான் போய்ச் சேரும்வரை அதை மூடாமல் இருந்தால் சரி.

கிளம்பும்போது ரகு உற்சாகமாக இருந்தான். நியூ ஜெர்ஸியில் அடுத்த மாதம் ஒரு மாநாடாம். அவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு — 'வீட்டில் உள்ள எல்லோருக்குமான மென்பொருள்'. இந்தப் பட்டன் யோசனை உலகம் பூராவும் பேசப்படுகிறதாம்.

மாலதியிடம், "நீ போகலையாம்மா?" என்றேன்.

"என்னை யாருண்ணா கூப்பிட்டா? அதோட, ஏழரைக்கெல்லாம் குழந்தைங்க வந்துடும்" என்றாள், ஒன்றுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே.

நியூ ஜெர்ஸி வாசகர்களே, அந்தக் கூட்டத்துக்குப் போனால் கைதட்டுங்கள், தப்பில்லை. கடைசியில் யாராவது எழுந்து ஒன்றே ஒன்று கேட்டுவிடுங்கள்... "சார், அந்தப் பட்டனை எழுதினது யாரு?"